மெருகேறாத பானையும் மெருகேறிய மங்கும்

சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியிற் பெரும்பரப்பு கடல் தந்த நிலமாகும். கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங், சிகிஞ்சான், சுங்கை பெசார், சபாக் என்று சாலை வடக்கே நீள நீள, மேற்கே அலையாத்திக் காடும் கிழக்கே சதுப்பு நிலமும் உடன் வருகின்றன. சுங்கை பஞ்சாங் என்னும் மலாய்ப் பெயருக்கு ‘நீண்ட ஆறு’ என்பது பொருள். இப்பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர் எவரும் இம்மண்ணை மறக்க மாட்டார். மழை பெய்தால் காலைப் பற்றிக்கொண்டு விடாது. வெயிலிற் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். மண்ணியலார் இத்தகைய கடலோரக் களிமண் வகை ஒன்றிற்குச் ‘சிலாங்கூர்’ என்றே பெயரிட்டிருக்கின்றனர். காலைப் பற்றும் அதே இயல்புதான் வனைவோனுக்கு வேண்டிய இயல்பு என்பதை நான் மிகவும் காலந்தாழ்ந்தே அறிந்தேன்.

என் தாயார் பால்மரம் வெட்டியவர். பள்ளி விடுமுறை நாள்களில் விடியற்காலை இருளில் அவருடன் நிரைக்குச் செல்வேன். மரத்திற்கு மரம் ஓடி, கம்பி வளையத்தில் கவிழ்ந்திருக்கும் மங்கை எடுத்து, முதல்நாள் உறைந்த பாலை உரித்துக் கூடையிற் போட்டு, உட்புறத்தைத் துடைத்து நிமிர்த்தி வைப்பது என் வேலை. மங்கு என்பது மலாய் ‘மங்கோக்’ நம் தோட்டத்து நாவில் தேய்ந்து பிறந்த சொல். கைக்கு அடக்கமான அக்கிண்ணத்தின் உட்புறம் பழுப்பாகவோ பச்சை கலந்த கறுப்பாகவோ பளபளக்கும். அடிப்புறம் மட்டும் சொரசொரப்பாக இருக்கும். பளபளப்பான பக்கத்தில் பால் ஒட்டாது. விரல் நுனியால் விளிம்பை நெம்பினால் கட்டிப்பால் முழுத்தோலாகக் கழன்று வரும். விளிம்பு உடைந்து மேற்பூச்சுப் பெயர்ந்த மங்கு வாய்த்துவிட்டால் அன்று தொல்லைதான். பால் மண்ணுக்குள் ஊறிப் பற்றிக்கொள்ளும்.

வீட்டிற்கு வந்தால் வேறொரு மட்கலம் இருந்தது. லயத்துப் பின்கட்டில், மணல் மேட்டின்மேல் அமர்ந்திருக்கும் தண்ணீர்ப் பானை. அதற்கு மெருகு கிடையாது. அதன் வெளிப்புறம் எப்போதும் வியர்த்திருக்கும். ஒரே நாளில், ஒரே கையில், இருவேறு மட்கலங்கள். ஒன்று நீரை உள்ளே விடாதது. மற்றொன்று நீரை வெளியே விடுவது. ஒன்று சீனர் சூளையிற் பிறந்தது; மற்றொன்று தமிழ்க் குயவர் சூளையிற் பிறந்தது. நம்மவர் பானைக்கு ஏன் மெருகு பூசவில்லை? அந்நாளில் இக்கேள்வி எனக்குத் தோன்றவில்லை. ஆசிரியனாகிப் பல்லாண்டுகள் சென்றபின், மாணவன் ஒருவன் வகுப்பில் கேட்டான்: “நம்ம ஆளுங்களுக்கு அது தெரியாதா சார்?” அக்கேள்வியில் இருந்த கூச்சம் என்னை உறுத்தியது. அதற்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

தமிழர்தம் மட்கலத் தொழிலின் தொன்மையைப் பற்றி நம் மாணவர்க்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை. ஆதிச்சநல்லூரின் தாழிகளும் கீழடியின் பானையோடுகளும் இன்று பள்ளிப் பாடங்களில் இடம்பெறுவன. சங்கச் சான்றோருள் வெண்ணிக் குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர் இருந்தார். புறநானூற்றில் கலஞ்செய்யும் கோவை விளித்துத் தாழியின் அளவைக் குறித்துக் கேட்கும் இரங்கற்பாடலும் உண்டு. குயவனைக் ‘கோ’ என்றும் ‘வேட்கோ’ என்றும் அழைத்த மொழி நம் மொழி. தில்லையில் வாழ்ந்த திருநீலகண்ட நாயனார் மட்கலம் வனைந்தவரே.

பலரும் அறியாத இரு செய்திகளை மட்டும் ஈண்டுக் கூற விரும்புகிறேன். எகிப்து நாட்டின் செங்கடற் கரையிலுள்ள குசேர் அல் காதிம் என்னும் பழைய துறைமுகத்தில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடு ஒன்று கிடைத்தது. அதிலுள்ள எழுத்துகளைப் ‘பானை ஒறி’ என்று படித்த ஐராவதம் மகாதேவன், உறியிலிட்ட பானை என அதற்குப் பொருள் கூறி, காலம் கி.மு. முதல் நூற்றாண்டு என்றார். பானை என்ற சொல்லே பானைமேல் ஏறிக் கடல் கடந்திருக்கிறது! மற்றொன்று நமக்கு இன்னும் அண்மையிற் கிடைத்தது. தென் தாய்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள பூ காவ் தோங் என்னுமிடத்தில், 2006ஆம் ஆண்டளவில் மூன்றெழுத்துகள் எஞ்சிய தமிழ்ப் பிராமி ஓடு கண்டெடுக்கப்பட்டது. அது ‘துறவோன்’ என்னும் சொல்லின் பகுதியாகலாம் என்பது மகாதேவனின் கருத்து, காலம் கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. எனவே, தமிழ் மட்கலம் தோட்டத்தொழிலாளரோடுதான் இத்தீபகற்பத்திற்கு முதன்முதலில் வந்தது என்று எண்ணுதல் தவறு.

இனி மெருகின் செய்திக்கு வருவோம். நம் பழம்பானைகளுட் புகழ்பெற்ற கருப்புச் சிவப்புப் பானை பளபளப்பானதே. எனினும் அப்பளபளப்பு உருக்கிப் பூசியது அன்று. பாதி காய்ந்த கலத்தைக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து, மண்ணின் நுண்துகள்களை ஒரே பக்கமாகப் படியச் செய்து பெற்ற பளபளப்பு அது. கலத்தை வாய் கவிழ்த்து, உள்ளே உமியும் சருகும் இட்டுச் சுட்டால், காற்றுப் புகாத உட்புறமும் விளிம்பும் கரியேறிக் கறுக்கும். காற்றுப்பட்ட வெளிப்புறம் மண்ணிலுள்ள இரும்பினாற் சிவக்கும். ஒரே சூளையில், ஒரே தீயில், ஒரே கலத்தில் இரு நிறங்கள். தீக்குக் காற்றைக் கொடுப்பதும் மறுப்பதும் நிறத்தை மாற்றும் என்னும் நுட்பத்தை அவர்கள் மூவாயிரம் ஆண்டுக்கு முன்னரே கையாண்டனர். பேராக் மாநிலத்துச் சாயோங்கில் மலாய்ப் பெண்டிர் செய்யும் சுரைக்குடுவை வடிவக் கலமும் இவ்வாறே கறுக்கிறது. சூளையிலிருந்து தணலாக எடுத்து உமிக்குள் புதைப்பர்.

கண்ணாடி போன்ற உண்மையான மெருகு வேறு. அது மண்ணின்மேல் உருகிப் படிந்த மெல்லிய கண்ணாடியேயாகும். மணலின் உயிர்ப்பொருளான சிலிக்கா தனியே உருகுவதற்கு 1,700 பாகைக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். விறகுச் சூளையில் அவ்வெப்பம் எட்டாது. ஆகவே, மணலை இளக்கும் பொருள் ஒன்றைச் சேர்ப்பர். விறகுச் சாம்பலிலுள்ள சுண்ணாம்பும் காரமும் அவ்வேலையைச் செய்யும். சாம்பலும் களிமண்ணும் கலந்த கூழ் 1,200 பாகைக்குமேல் உருகிப் பச்சை அல்லது பழுப்புக் கண்ணாடியாகும். சீன நாட்டார் இதனைக் கற்றது சூளையிடமிருந்தே என்பர். நெடுநேரம் எரியும் சூளையில் பறக்கும் சாம்பல் கலங்களின் தோள்மேல் விழுந்து தானே உருகியது. அதைக் கண்டவர்கள் பின்னர் வேண்டுமென்றே பூசினர். இது நிகழ்ந்தது ஷாங் மரபினர் காலத்தில், ஏறத்தாழ 3,500 ஆண்டுகட்கு முன்னர்.

தமிழர் இம்மெருகைக் காணாதவரல்லர். இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. கங்கைகொண்ட சோழபுரத்திலும் கிடைத்துள்ளன. பாரசீகத்திலும் மலாயிலும் வழங்கும் ‘பிங்கான்’ என்னும் சொல்லே நம்மிடம் பீங்கான் ஆயிற்று. கண்டனர், வாங்கினர், பயன்படுத்தினர். ஆனால் தம் பானைக்குப் பூசவில்லை. அறியாமை என்று கூறி இதனை முடித்துவிட இயலாது.

இதற்கு விடை எனக்கு நூல்களிற் கிடைக்கவில்லை. கோலசிலாங்கூருக்கு அருகிலுள்ள கம்போங் குவாந்தானிற் கிடைத்தது. அவ்வூரின் பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது மின்மினிப் பூச்சிதான். சிலாங்கூர் ஆற்றங்கரை மரங்களில் அவை ஒருசேர மின்னுவதைக் காண வெளிநாட்டார் படகேறி வருகின்றனர். இரவில் மின்மினியைக் காண வருவோரிற் பலர், அவ்வூர்ப் பக்கத்தில் தமிழ்க் குயவர் சிலர் தலைமுறை தலைமுறையாகச் சக்கரம் சுற்றி வருவதை அறியாமலே திரும்பிவிடுகின்றனர். நம் நாட்டுப் பொங்கற் பானைகளிலும் கார்த்திகை அகல்களிலும் ஒரு பகுதி அங்கிருந்து வருவதே.

நான் அங்கு ஒரு பெரியவரிடம் சில விடுமுறைகளில் உதவியாளனாக இருந்தேன். கற்றுக்கொண்டேன் என்று சொல்லத் துணியேன். களிமண்ணைக் கல்லும் வேரும் நீக்கி ஊறவைத்து, மணல் கலந்து, காலால் மிதித்துப் பதப்படுத்துவது முதல் வேலை. மணல் எதற்கு என்று கேட்டேன். “மணல் இல்லேன்னா தீயில வெடிச்சிரும் வாத்தியாரே” என்றார். சக்கரத்தில் அவர் தூக்கிய பானைக்கு அடி இல்லை! தடித்த சுவரும் திறந்த அடியுமாக அறுத்தெடுத்து, சற்றே உலரவிட்டு, உள்ளே கல்லை ஏந்தி வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடினார். தட்டத் தட்டச் சுவர் மெலிந்து வயிறு பருத்தது. உருண்டை அடி வருவது இவ்வாறே. மூலையில்லாத அடியில் தீ சீராகப் பரவும். தட்டையடிக் கலம் செய்ய என் கைக்கு மூன்று நாள் போதுமானதாயிற்று. உருண்டையடி இன்றுவரை வரவில்லை. என் பலகையின் ஓசையைக் கேட்டே, எந்த இடத்தில் சுவர் மெலிந்துவிட்டது என்பதை அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு சொல்வார்.

சூளையில் அடுக்கியபின் முதல் சில மணிநேரம் புகை மட்டுமே. ஈரம் விலகும் முன் தீயைக் கூட்டினால் நீராவி கலத்தைப் பிளந்துவிடும். 450 பாகைக்குமேல்தான் களிமண்ணின் உள்ளே இரசாயன முறையிற் பிணைந்துள்ள நீர் வெளியேறுகிறது. 573 பாகையில் மணற்றுகள் திடீரெனப் பருக்கிறது. இவ்விரு கட்டங்களையும் மெல்லக் கடத்த வேண்டும் என்று நூல் கூறும். பெரியவர் நூல் படித்தவரல்லர். புகையின் நிறமும் தணலின் நிறமும் அவருக்கு அனல்மானி. மங்கிய சிவப்பு, செம்மஞ்சள் என அவர் சொல்லும் நிறங்களை நான் பிற்பாடு அட்டவணையோடு ஒப்பிட்டபோது, அவர் நிறுத்தும் இடம் 800 பாகையை ஒட்டியதாக இருந்தது.

மெருகு பூசலாமே என்று நான் கேட்டதற்கு அவர் தந்த விடை ஒரே வரிதான்: “சூட்டைக் கூட்டினா நம்ம மண்ணு நிக்காது வாத்தியாரே, உக்காந்துரும்.”

அவர் சொன்னதை நான் நம்பவில்லை. படித்தவனுக்குரிய பிடிவாதம். ஆசிரியர்க்கென நடந்த கைவினைப் பயிற்சி ஒன்றில் மின்சூளை இருந்தது. கம்போங் குவாந்தானில் நானே பிசைந்த மண்ணால் ஆறு கிண்ணங்கள் செய்து, முதற்சூடு கொடுத்து, ரப்பர் விறகுச் சாம்பலும் களிமண்ணும் அரைத்த கூழில் முக்கி, 1,220 பாகைக்கு ஏற்றினேன். மறுநாள் சூளையைத் திறந்தபோது ஆறு கிண்ணங்களும் இல்லை. மண்ணிலுள்ள இரும்பே இளக்கியாக மாறிக் கலங்களை உள்ளிருந்து உருக்கிவிட்டது. உப்பிக் கொப்புளித்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, தட்டோடு தட்டாக ஒட்டிக் கிடந்தன. மெருகு மட்டும் அழகாக உருகியிருந்தது! அத்தட்டுக்கு நான் பணம் கட்ட நேர்ந்தது. பெரியவர் சொன்ன ‘உக்காந்துரும்’ என்னும் சொல்லைக்காட்டிலும் பொருத்தமான வேறு சொல் அக்காட்சிக்கு இல்லை.

அப்போதுதான் விடை தெளிவாயிற்று. மெருகு என்பது பூச்சு மட்டும் அன்று; அது மண், சூளை, விறகு, அடுப்பு ஆகியவை சேர்ந்த ஓர் அமைப்பு. சீனக் குயவர்க்கு 1,250 பாகையைத் தாங்கும் வெண்களிமண்ணும், மலைச்சரிவில் படுத்திருக்கும் நீண்ட ‘நாகச் சூளை’யும் இருந்தன. அத்தகைய கலம் இறுகிக் கல்லாகிவிடும், நீர் ஊறாது. ஆனால் அதனை நேரே எரியும் அடுப்பின்மேல் ஏற்றினால் பெரும்பாலும் விரிசல் விடும். நம் பானையோ குறைந்த சூட்டில் வெந்தது. மணலும் நுண்துளையும் நிறைந்தது. தீயில் ஒரு பக்கம் மட்டும் சூடேறிப் பருக்கும்போது, அத்துளைகளே இடங்கொடுத்து விரிசலைத் தடுக்கின்றன. மாரியம்மன் திருவிழாவில் தணல் நிறைத்துக் கையில் ஏந்தும் தீச்சட்டியைப் பாருங்கள். அங்கே மெருகேறிய பீங்கானை வைத்தால் என்னாகும்! தண்ணீர்ப் பானையின் வியர்வையும் இவ்வாறே பயனுடையது. கசியும் நீர் ஆவியாகும்போது உள்நீரின் வெப்பத்தைக் கொண்டு செல்கிறது. மெருகு பூசிவிட்டால் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

கசிவு வேண்டாத இடத்திற்கும் நம் பெண்டிர் வழி கண்டிருந்தனர். புதுச்சட்டியை வாங்கியவுடன் நீரில் ஊறவைத்து, பின் கஞ்சி காய்ச்சிப் பழக்குவர். கஞ்சியின் மாவுச்சத்து துளைகளில் அடைந்து இறுகும். நாள்தோறும் குழம்பின் எண்ணெய் அதன்மேல் ஏறும். மீன் சட்டி ஓராண்டில் உட்புறம் கறுத்துப் பளபளக்கும். அஃது அடுக்களையிலே பூசப்பட்ட மெருகு. மேலும், நம் சடங்குகளிற் பல, கலம் நிலைத்திருப்பதை வேண்டுவனவல்ல. பொங்கலுக்குப் புதுப்பானை வேண்டும். கொள்ளிக்குடம் உடைந்தே தீர வேண்டும். ஆண்டுதோறும் மாற்றுவதற்கும் உடைப்பதற்கும் உரிய கலத்தை இருமுறை சுட்டு மெருகேற்றுவது விறகுக்குக் கேடு.

இனி மங்கின் வரலாறு. பிரேசில் நாட்டு ரப்பர், ரிட்லி 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டப் பொறுப்பேற்றபின் இங்கே வேரூன்றியதும், 1910ஐ ஒட்டிய விலையேற்றத்தில் சிலாங்கூர் காடுகள் தோட்டங்களானதும் பலரும் எழுதியவை. அவ்வாண்டிலேயே ஒப்பந்தக் கூலி முறைக்கு ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. கங்காணி முறை தொடர்ந்து, 1938இல் இந்திய அரசு தடைவிதித்தபோது ஓய்ந்தது. ஒவ்வொரு பால்மரத்திற்கும் ஒரு கிண்ணம் வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், எத்துணைக் கிண்ணங்கள் தேவைப்பட்டிருக்கும் என்பது புலனாகும். கண்ணாடி, அலுமினியம், சிரட்டை எனப் பலவும் பயன்பட்டன. மலிவும் உறுதியும் ஒருங்கே அமைந்தது மெருகேறிய மட்கிண்ணமே. தென்சீனத்துத் தியோச்சூ மரபினர் சிங்கப்பூரின் ஜூரோங் பக்கத்திலும் ஜொகூரிலும் பிறவிடங்களிலும் நாகச் சூளைகளைக் கட்டி, பூந்தொட்டிகளோடு மங்குகளையும் சுட்டனர். ஜூரோங்கில் 1940இல் எழுந்த தௌ குவாங் சூளை இன்றும் நிற்கிறது.

அம்மங்கின் அடியில் மெருகு இல்லாததற்குக் காரணத்தை நான் சிறுவனாக இருந்தபோது அறியேன். அடியிலும் பூசினால் உருகிய கண்ணாடி கிண்ணத்தைத் தட்டோடு ஒட்டிவிடும். என் ஆறு கிண்ணங்களும் எனக்குக் கற்பித்த பாடம் அது. உள்ளே மெருகிட்டதன் காரணம் முன்னரே சொன்னேன். பால் ஊறாது, கட்டி எளிதிற் கழலும், துடைத்தால் தூய்மையாகும். பால் தூய்மையாக இல்லையெனில் ஆலைக்குப் போகுமுன்னே உறையும். எடை குறையும், கூலி குறையும். ஆக, சீனக் குயவர் ஒருவரின் சாம்பற் கூழ் சரியாக உருகியதா என்பது, அவரை என்றும் காணாத தமிழ்த் தாய் ஒருத்தியின் மாதச் சம்பளத்தைத் தொட்டது. இவ்விரு கைவினையும் ஒரே தோட்டத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் அருகருகே இருந்தும், ஒன்று மற்றொன்றிடம் கற்றுக்கொள்ளவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பே. மொழி தடையா, தோட்டத்து வேலியா, தொழில் இரகசியமா?

தமிழகத்தில் மெருகுக் கலையைப் புகுத்தும் முயற்சி நடைபெறாமல் இல்லை. மருத்துவரான அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியில் மட்பாண்ட வேலைக்குத் தனியிடம் இருந்தது. சில ஆண்டுகளில் அரசு அதனை ஏற்றது. வேலூருக்கு அருகிலுள்ள கரிகிரியில் மெருகிட்ட மட்கலங்கள் செய்யும் மரபு வளர்ந்து பெயர் பெற்றது. விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்கு ஊரானது. புதுச்சேரியில் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்னும் அமெரிக்கர் இருவர் 1971இல் அமைத்த கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டச்சாலையில், சவுக்கு விறகால் உயர்சூட்டுக் கலங்கள் சுடப்பட்டன. இந்தியாவின் இன்றைய மட்கலைஞர் பலர் அங்கே பயின்றவர்கள்.

ஆயினும் வரலாற்றின் கூத்து ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. மட்பாண்டத்தை மேம்படுத்த முனைந்த அதே சென்னைக் கலைப்பள்ளியிலேதான், 1898ஆம் ஆண்டளவில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். குயவரின் தொழிலைத் தாக்கியது சீன மெருகன்று. அந்த இலேசான வெள்ளைப் பாத்திரமே. என் தாயாரின் அடுக்களையிலும் சோற்றுப் பானையின் இடத்தை முதலிற் பிடித்தது அதுவே.

கோலசிலாங்கூர்ப் பக்கத்துக்கு மற்றொரு கூத்தும் உண்டு. ஹென்றி ஃபாக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1917இல் இந்நாட்டின் முதல் வணிக எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை அமைத்தார். அவ்விடத்தின் பெயர் தென்னமரம் தோட்டம்! தமிழன் வாயில் பிறந்த தென்னையின் பெயரைத் தாங்கிய நிலத்தில் பனை வந்தமர்ந்து, பின்னர் நாடெங்கும் ரப்பரின் இடத்தைக் கவர்ந்தது. எண்ணெய்ப்பனைக்கு மங்கு தேவையில்லை. எஞ்சிய ரப்பர் மரங்களுக்கு நெகிழிக் கிண்ணம் வந்தது. நான் துடைத்த மங்குகள் இன்று பழம்பொருட் கடைகளில் விலை போகின்றன. சிலர் அவற்றில் கற்றாழை நடுகின்றனர். ஆக, மெருகேறிய மங்கு மறைந்தது. மெருகேறாத பானை தையும் கார்த்திகையும் தாங்கிப் பிடிக்க இன்னும் நிற்கிறது. எளியது தோற்கும், நுட்பமானது வெல்லும் என்று எண்ணும் மாணவர் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று.

ஆனால் நம் குயவர்க்கு மெருகே வேண்டாம் என்று நான் வாதிட வரவில்லை. கம்போங் குவாந்தானில் கண்ட ஒரு குறை என்னை விட்டு நீங்கவில்லை. அகல் விளக்கு எண்ணெயைக் குடிக்கிறது. கார்த்திகையன்று வாசலில் வைத்த அகலின் அடியில் காலையில் வட்டக் கறை. திரியில் எரிய வேண்டிய எண்ணெய் தரையிற் போகிறது. பானைக்கு வேண்டிய நுண்துளை அகலுக்கு வேண்டாதது. கடைக்காரர் இக்காரணம் காட்டியே வெளிநாட்டு விளக்குகளை வாங்கி அடுக்குகின்றனர்.

நம் மண் தாங்கும் வெப்பத்திலேயே உருகும் மெருகு வேண்டும். ஈயம் சேர்த்தால் எளிதில் உருகும். ஆனால் அது நஞ்சு. அரைப்பவன் நுரையீரலையும், உண்பவன் குருதியையும் கெடுக்கும். எனவே அதனைத் தொடவே கூடாது என்று மாணவர்க்குக் கண்டிப்பாகக் கூறிவிட்டேன். மாற்று வழி நம் தட்டார் பட்டறையில் இருந்தது. பொன்னைப் பற்றவைக்க அவர்கள் இடும் வெண்காரம்! மணலையும் குறைந்த சூட்டில் இளக்கும் பொருள் அது. வெண்காரத்தை அப்படியே பூசினால் நீரில் கரைந்து மண்ணுக்குள் ஓடிவிடும். ஆதலால் மணலோடு சேர்த்து முதலில் உருக்கி, நீரிற் கொட்டி நொறுக்கி, மாவாக அரைத்து, சிறிது களிமண் கலந்து கூழாக்க வேண்டும். களிமண் கூழைப் பிடித்து நிறுத்தும். உருகும்போது வழிந்தோடாமலும் காக்கும். கலத்தின் தூசியை ஈரத்துணியால் துடைத்தபின்னரே பூச வேண்டும். தூசி இருந்தால் மெருகு சுருண்டு விலகி வெற்றுத்திட்டு விடும். இதனை மறந்து இரண்டு விளக்குகளைக் கெடுத்தேன்.

பன்னிரண்டு அகல்களை 1,000 பாகைக்குச் சற்று மேல் சுட்டேன். அந்த இரண்டில் மெருகு விலகிப் போயிருந்தது. மற்றும் ஐந்தில் மயிரிழை போன்ற விரிசல் வலைபோற் படர்ந்திருந்தது. குளிரும்போது மெருகு மண்ணைவிட மிகுதியாகச் சுருங்கியதே காரணம். மணலைக் கூட்டினால் இது குறையும் என்பர். ஐந்து அகல்கள் குறையின்றி வந்தன. அடியில் மண்ணின் சிவப்பு, உள்ளே தேன் நிறக் கண்ணாடி. அவற்றைத் தாளிற் சுற்றிக்கொண்டு கம்போங் குவாந்தானுக்குப் போனேன்.

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. நகத்தால் உட்புறத்தைச் சுரண்டிப் பார்த்தார். விளிம்பைத் தட்டி ஓசை கேட்டார். பிறகு நல்லெண்ணெய் ஊற்றி, ஒரு பழைய நாளிதழின்மேல் வைத்து, பக்கத்தில் தம்முடைய அகல் ஒன்றையும் எண்ணெய் ஊற்றி வைத்தார். “காலையில பாப்போம் வாத்தியாரே” என்றார். அன்றிரவு அவர் வீட்டுத் திண்ணையிலேயே படுத்தேன். விடிந்ததும் இருவரும் குனிந்து பார்த்தோம். அவருடைய அகலின் கீழே தாள் நனைந்து எழுத்துகள் மறுபக்கத்திலிருந்து தெரிந்தன. என் அகலின் கீழே தாள் உலர்ந்திருந்தது.

அவர் அதைக் கையிலெடுத்து வெளிச்சத்திற்குக் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ரெண்டு தடவ சுடணும், மாவு அரைக்கணும், வெண்காரம் வாங்கணும்” என்று விரல்விட்டு எண்ணினார். “இதுக்கு என்ன வெல சொல்லுவீங்க வாத்தியாரே?” என்று கேட்டார். நான் கணக்குப் போட்டு ஒரு தொகையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அகலை எண்ணெயோடு மாடத்தில் வைத்துத் திரியைக் கொளுத்தினார்; பிறகு அன்றைய மண்ணை மிதிக்கப் போனார்.